பெயர் வெட்டிய தவலை

பழைய சாமான் வாங்கி வீட்டை அமைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்விக்கு என்றாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அதை என் அக்கா கேட்டாள். கூடத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தாள், உட்காரவில்லை. “யார் வீட்டில் அழுத அழுகையோ, அதைப் போய்க் காசு கொடுத்து வாங்கி நடுக்கூடத்தில் போட்டிருக்கிறாயே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தங்கை மேல் உள்ள அக்கறையில் வந்த பேச்சுதான். ஆனால் அது நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தேக்கு, கைவேலை, கடை விலையில் கால்வாசிகூட ஆகவில்லை என்று அவளிடம் அடுக்கினேன். அத்தனையும் விலையைப் பற்றிய பதில்கள். அவள் கேட்டதோ விலையைப் பற்றி அல்ல.

குரோம்பேட்டையில் வாடகை வீடு. அட்வான்ஸ் கொடுத்து, சாமான் ஏற்றி இறக்கிய பிறகு கையில் மிஞ்சியதை வைத்துக் கடையில் ஒரு சோபா வாங்கலாம், அதோடு சரி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல்நாளே சொல்லிவிட்டார். ஆக, வீட்டின் அழகு தரையிலிருந்துதான் எழும்ப வேண்டியிருந்தது. இரண்டு ரயில் நிறுத்தம் தள்ளி இருந்தால்கூட இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நிறுத்தமே பல்லாவரம்.

வெள்ளிக்கிழமை

பல்லாவரம் வெள்ளிச் சந்தையை அறியாத சென்னைக்காரர் குறைவு. வெள்ளைக்காரன் காலத்து மாட்டுச் சந்தை என்று கடைக்காரர்களே சொல்வார்கள். இப்போது மாடு இல்லை, மற்ற எல்லாம் இருக்கிறது. பழைய டிரங்க் சாலையின் இரண்டு ஓரமும் தார்ப்பாய் விரித்து, புறா, கோழிக்குஞ்சு, செம்பருத்திப் பதியன், ஓடாத மின்விசிறி, கழற்றிய கணினியின் வயிற்றுச் சாமான், கதவு நிலை, ஒற்றைச் செருப்புகூடப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் போய்க்கொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நல்ல மரச்சாமான் காலையிலேயே வியாபாரிகள் கைக்கு மாறிவிடும். மாலையில் விலை இறங்கும், ஆனால் அப்போது மிஞ்சியிருப்பது மிஞ்ச வேண்டியதுதான்.

பழம்பொருள் என்றதும் பலர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைச் சொல்வார்கள். நானும் போயிருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய பர்மாத் தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தட்டுகள், நிலைக்கதவின் மேல் பலகையில் செதுக்கிய கஜலட்சுமி. பார்க்கப் பார்க்க மனம் நிறையவில்லை, கனத்தது. ஒரு வீட்டையே பிரித்துத் தெருவில் அடுக்கிய இடம் அது. விலையும் ஹோட்டல்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் பார்த்துப் பழகிய விலை. நம்மைப் போல மாதச் சம்பளத்தில் பிடித்து வாங்குகிறவர்களுக்குச் சந்தைதான் சரி. என் மாமனார் இருந்தவரை மூர் மார்க்கெட்டைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். 1900இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985இல் எரிந்து போனது. அங்கே பேரம் பேசி வாங்கிய ஒரு சுவர்க் கடிகாரம் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஆணி அடிக்க முடியாததால் அது அலமாரி மேல் சாய்ந்து நிற்கிறது.

சந்தையில் எதைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பு. மெத்தை, பஞ்சு அடைத்த எதுவும் கூடாது. மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் நாற்காலியோடு போகாது. மரச்சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்காமல் விலை கேட்கக் கூடாது. மேல்பக்கம் மெருகு பூசியிருப்பார்கள், அடிப்பக்கம் பொய் சொல்லாது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், தட்டினால் மாவு மாதிரி உதிரும் தூள், இரண்டும் இருந்தால் உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பழைய கதை, துணிந்து வாங்கலாம். இழுப்பறை இருந்தால் முழுதாக வெளியே உருவி, பின்பலகையையும் மூலையையும் பார்க்க வேண்டும். மூலையில் பல்லோடு பல் கோத்த இணைப்பு இருந்தால் தச்சர் செய்தது. ஆணியும் பசையும் என்றால் அவசரத்தில் செய்தது.

இப்படித்தான் ஒரு கல்லாப்பெட்டி கிடைத்தது. மூடியில் காசு போடும் துளை இருக்கிறது, துளையின் விளிம்பு நாணயம் உரசி உரசி வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. சோபா வாங்கியிருந்தால் பக்கத்தில் போட ஒரு குட்டி மேசை வாங்கியிருப்போம். அந்த வேலையை இப்போது இது பார்க்கிறது. பால், பேப்பர், இஸ்திரி எல்லாவற்றுக்கும் சில்லறை அதற்குள்தான். தையல் மெஷினின் இரும்புக் கால் ஒன்று, மேலே ஒரு கடப்பைக் கல் போட்டவுடன் சாப்பாட்டு மேசையாகிவிட்டது. மிதிப்பலகையைக் கழற்றவில்லை. பையன் சாப்பிடும்போது அதை மிதித்துக்கொண்டே சாப்பிடுகிறான்.

அக்கா உட்காராத நாற்காலி 900 ரூபாய். வாங்கியபோது சட்டம் மட்டும்தான், நடுவில் ஓட்டை. அதற்குப் பிரம்பு பின்ன 1,800 ரூபாய் ஆயிற்று. பின்னியவர் பார்வையற்றவர். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது பார்வையற்றோர் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்றுத்தரும் தொழில். எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். ஊறவைத்த பிரம்பு நாரை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஓட்டைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணி, நடு ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகினார். அங்கிருந்துதான் ஆரம்பம். முதலில் நெடுக்கு, அதன்மேல் குறுக்கு, மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, கடைசியில் இரண்டு மூலைவாட்டம். மூலைவாட்டம் ஓடும்போதுதான் எட்டு மூலைக் கண்கள் பூப்பூவாகத் திறக்கின்றன. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, “இந்தக் கை நிறையப் பேரைத் தாங்கியிருக்கிறது அம்மா” என்றார். நாற்காலியின் வலது கைப்பிடியைச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை வைத்த இடத்தில் என் விரலை வைத்த பிறகுதான் அந்தப் பள்ளம் தட்டுப்பட்டது.

அக்காவின் பேச்சு உறுத்தத் தொடங்கியதும் இந்தப் பள்ளம்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தது. அவள் சொன்னதில் உண்மை இருந்தது. இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் சந்தைக்காரர்கள் மறைப்பதில்லை. “வீடு காலி” என்பார்கள். பெரியவர் போய்விடுவார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், பதினாறாம் நாள் காரியம் முடிந்து டிக்கெட் தேதிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். மொத்தமாக ஒரு லாரிக்குப் பேசிவிடுவார்கள். யாரையும் குறை சொல்லும்படி அதில் எதுவும் இல்லை. ஆனால் ஒருநாள் சந்தையில் ஒருவர் பழைய படச்சட்டங்களை விற்றுக்கொண்டிருந்தார். பின்னட்டையின் ஆணிகளைக் குறட்டால் நெம்பி, உள்ளே இருந்த கல்யாணப் படத்தை உருவிப் பக்கத்தில் இருந்த சாக்கில் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்தை அடுக்கினார். சாக்கில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினேன். படச்சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றுவரை வாங்குவதில்லை.

தவலை

அந்தச் சமயத்தில்தான் தவலை வந்து சேர்ந்தது. கறுத்துப்போன பித்தளைத் தவலை, பழைய இரும்புக் கட்டில் ஒன்றின் அடியில் கிடந்தது. பித்தளையை அங்கே எடைக்குத்தான் பேசுவார்கள். நிறுத்துக் காசு வாங்கிக்கொண்டு, கடைக்காரர் தவலையின் கழுத்தைத் தடவிக் காட்டினார். “பெயர் வெட்டியிருக்கிறது. பாலிஷ் போடும்போது தேய்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள், தெரியாது. பெயர் இருந்தால் வீட்டில் வைக்க யோசிப்பார்கள்” என்றார். சரி என்றுதான் தலையாட்டினேன். அக்காவின் குரல் காதில் இருந்ததால் பெயரை அழித்துவிடுவதே நல்லது என்றும் பட்டது. வாசல் பக்கம் வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஓர் அல்லிக் கிழங்கை நட்டுவிடலாம் என்பது திட்டம். கைபேசியைத் திறந்தால் வீட்டலங்காரப் படங்களில் பாதி அப்படித்தானே இருக்கின்றன.

அத்தை அப்போது எங்களோடு இருந்தார். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவர், பாத்திரத்தைத் தட்டியே அதன் வயதைச் சொல்லக்கூடியவர். நான் தவலையைக் கொண்டுவந்து வைத்ததும், கேட்காமலேயே புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்துவிட்டார். தேய்க்கத் தேய்க்க, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துகள் எழுந்து வந்தன. உளியை ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி வெட்டிய எழுத்து. ஒரு முன்னெழுத்து, ஒரு பெண் பெயர், 27.8.58 என்று ஒரு தேதி. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மனிதர்கள் எங்காவது இருப்பார்கள்.

அத்தை கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது மொய்ப் பாத்திரம் இல்லை. மொய்யாக வந்திருந்தால் அன்பளிப்பு என்று போட்டுக் கொடுத்தவர் பெயர் இருக்கும். இது பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் வைத்த சீர். முன்னெழுத்து அப்பா எழுத்து. ஆகஸ்ட் இருபத்தேழு என்றால் ஆவணி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள், கல்யாணத் தேதிதான்” என்றார். பிறகு கவிழ்த்தார். அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒரு திட்டு. “பற்று வைத்திருக்கிறார்கள் பார். ஓட்டை விழுந்த பிறகும் எடைக்குப் போடாமல் பற்று வைத்துப் புழங்கியிருக்கிறாள். வெந்நீர் போட்ட தவலை இல்லை, அரிசி வெந்த தவலை. இல்லாவிட்டால் உள்ளே இவ்வளவு ஈயம் பூசியிருக்க மாட்டார்கள்.” உள்ளே கையை விட்டுத் தடவி, மூலையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தடத்தைக் காட்டினார். ஒரு பத்து நிமிடத்தில் முகம் தெரியாத ஒரு பெண்ணின் சமையலறையை எனக்குக் காட்டிவிட்டார்.

பெயரைத் தேய்த்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். அத்தை தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

“பெயர் எதற்கு வெட்டினார்கள் என்று நினைக்கிறாய்? வீட்டிலேயே இருக்கிற பாத்திரத்துக்குப் பெயர் எதற்கு? ஊரில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சாவு என்றால் எல்லார் வீட்டு அண்டாவும் தவலையும் அங்கேதான் இருக்கும். காரியம் முடிந்து கழுவிக் கவிழ்த்தால் எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? பெயர் வெட்டுவதே அடுத்த வீட்டுக்குப் போகத்தான். இது எத்தனை வீட்டுக்குப் போய் வந்ததோ, இப்போது உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. பெயரை அழித்தால்தான் தப்பு. பெயர் அழித்த பாத்திரத்தைத் திருட்டுப் பாத்திரம் என்போம்.”

நான் பிறகு அதை அசைபோட்டுப் பார்த்தேன். அக்கா சொன்னது மாறிப்போகவில்லை. அந்தத் தவலை இருந்த வீட்டில் அழுகை இருந்திருக்கும்தான். சாவு வீட்டுக்கும் போயிருக்கும், அங்கே வெந்நீர் காய்ந்திருக்கும். ஆனால் அதே தவலை சீமந்தத்துக்கும் போயிருக்கும். யார் வீட்டு அழுகையும் படாத பாத்திரம் வேண்டுமென்றால் அது எந்த வீட்டுக்கும் போகாத பாத்திரமாகத்தான் இருக்க முடியும். நம் பாட்டிகள் வீட்டில் அப்படி ஒன்றுகூட இருந்திருக்காது. புழங்கின சாமான் என்றாலே முகம் சுளிப்பது ஏதோ தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷாமியானாக் கடையில் அண்டா வாடகைக்கு எடுக்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு வீடும் தனக்கென்று எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்ட பிறகு வந்த சுளிப்பு இது.

அத்தை தன் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். எவர்சில்வர் பரவிய காலத்தில் அவர் வீட்டுப் பித்தளை முழுதும் பாத்திரக்கடைத் தராசில் ஏறி, எவர்சில்வராக இறங்கியது. புளி தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், களிம்பு ஏறாது. அன்றைக்கு அது பெரிய விடுதலை என்றார், வருத்தம் இல்லாமல். சமையலறையில் நாள் முழுதும் நின்ற பெண்களின் கை அது, அவர்கள் எடுத்த முடிவைப் பழமை போயிற்றே என்று நாம் இப்போது கண்ணீர் விட்டுப் பேசுவது நியாயமில்லை.

பூசிய ஈயம்

அல்லிக் கிழங்கு வேறு தொட்டிக்குப் போயிற்று. சமைக்க வேண்டுமென்றால் ஈயம் பூசாமல் முடியாது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருப்பதால் புளிப்பு பட்டால் களிம்பு கக்கும், ஒரு ராத்திரி வைத்திருந்தால் சாப்பாடு விஷமாகிவிடும். ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. ஒரு கோயில் தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், மாதத்தில் சில நாள் வருகிற ஒரு பெரியவரைச் சொன்னார். அத்தையும் வந்தார். முதல் கேள்வியே அவருடையதுதான்: “வெள்ளீயம்தானே? காரீயம் கலக்கவில்லையே?” பெரியவர் சிரித்துக்கொண்டே ஈயக் கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அத்தை அதை வளைத்துக் காதருகே வைத்துக் கேட்டார். நல்ல வெள்ளீயம் வளைக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் போடும்.

கரி அடுப்பில் தவலையைக் கவிழ்த்துச் சுட்டு, உள்ளே மணலும் துணியும் போட்டுக் கால் வைத்துத் திருகித் தேய்த்தார். மறுபடி சூடேற்றி, நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்து தொண்டையைக் கமறியது. ஈயக் கம்பியால் அடியில் இரண்டு இடத்தில் தொட்டார், அவ்வளவுதான். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், பித்தளைக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. பஞ்சை அழுத்தி ஒரு சுழற்றுச் சுழற்றியதும், மஞ்சளாக இருந்த உள்பக்கம் அவர் கை போன வழியெல்லாம் வெள்ளியாக மாறிக்கொண்டே வந்தது. பெயர் இருந்த வெளிப்பக்கத்தை மட்டும் பாலிஷ் சக்கரத்தில் காட்டாமல் கையாலேயே துடைத்துக் கொடுத்தார். அத்தை அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. வேலை இல்லாத பழைய பொருளுக்கு இடமில்லை. சுவரில் மாட்டிய வண்டிச்சக்கரம், பூ மிதக்கவிட்ட உருளி, பேனா குத்தி வைத்த அரைப்படி, இவற்றை யார் வீட்டில் பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை. அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். உருளியில் பாயசம் கிளறினால் அதைவிட அழகாக இருக்கும். செலவைக் குறைக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இது நம் வீட்டில் என்ன வேலை செய்யும் என்று நின்று கேட்டால் சந்தையில் கை நீளுகிற சாமானில் பெரும்பகுதி கீழே போய்விடும். மிஞ்சுகிறவை கொஞ்சம். அந்தக் கொஞ்சம் புழக்கத்தில் மெருகேறி, வைத்த இடத்தில் தாமாகவே நன்றாக இருக்கும்.

அக்கா பிறகும் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாளா என்றால், உட்கார்ந்தாள். தவலைக் கதையை அத்தையே அவளிடம் சொன்னார். அவளுக்கு முழுதும் ஒப்புதல் என்று சொல்ல முடியாது. “பாத்திரம் சரி. நாற்காலியில் பெயர் இல்லையே” என்றாள். அதற்கு அத்தையிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பின்னியவர் காட்டிய பள்ளத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்தாள்.

போன தை மாதம் மேல்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. கலந்த சாதத்துக்கு அரிசி வடிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். தவலையைக் கொடுத்தோம். மறுநாள் கழுவித் துடைத்து, உள்ளே கொஞ்சம் புளியோதரையோடு திரும்பி வந்தது. கொண்டுவந்த பெண், தவலையின் கழுத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, “இது உங்கள் பாட்டியா அக்கா?” என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அத்தை, “சொந்தம்தான்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அவருக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. அந்தப் பெயருக்குக் கீழே எங்கள் வீட்டுப் பெயரையும் தேதியோடு வெட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் இனிப் போகிற இடத்தில் மாறிப்போகும் என்கிறார். என் கணவர், இருக்கிற பெயரே போதும் என்கிறார். நான் அத்தை பக்கம். ஆனால் இப்போது கடைகளில் மின்பேனாவை வைத்துக் கிறுக்கித் தருகிறார்கள், அதற்கு அத்தை சம்மதிக்கவில்லை. உளியால் புள்ளி வைத்து வெட்டுகிறவர் யாராவது இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.